மேலுக்கு ஏலா

1

போன வெள்ளிக்கிழமை மகள் ஹஸ்னா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தாள். பல்கலைக்கழக விடுமுறைக்கு ஏதோ வேலைக்கு விண்ணப்பம் போடுகிறாளாம். நான் மீன் கழுவிக்கொண்டு நின்றேன். "உம்மா, எனக்குத் தமிழ் எவ்வளவு தெரியும்?" என்று கேட்டாள்.

இது என்ன கேள்வி என்று எட்டிப் பார்த்தேன். படிவத்தில் நான்கு பெட்டிகள் இருந்தன. தாய்மொழி போல, சரளமாக, ஓரளவு, அடிப்படை மட்டும். ஒன்றில் சரி போட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முந்தி என்றால் என்னைக் கேட்டே இருக்கமாட்டாள். 'சரளமாக' என்று போட்டுவிட்டுப் போயிருப்பாள், நானும் ஊருக்கெல்லாம் தொலைபேசியில் கோல் எடுத்துப் பெருமை அடித்திருப்பேன். இந்த முறை தாயும் மகளும் அந்த நான்கு பெட்டிகளையும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மாமாட விசயத்துக்குப் பொறகு எனக்குப் பயமா இரிக்கி உம்மா" என்றாள்.

மாமா என்றால் என்னுடைய காக்கா. எனக்கு ஒரே ஒரு மூத்த சகோதரர். சாய்ந்தமருதில் வீடு, சம்மாந்துறைப் பக்கம் வயல், அறுபதைத் தாண்டிய வயது. அவருடைய நெஞ்சைத் திறப்பதற்கு நாள் குறிக்கும் வரைக்கும் போன விசயம் அது. ஊரில் இதைப் பற்றி இரண்டு மாதிரிக் கதை நடக்கிறது என்று எனக்குத் தெரியும். கல்முனை டொக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு கூட்டம் சொல்கிறது. இங்கிலாந்து டொக்டர்தான் பிழை விட்டார் என்று மற்றக் கூட்டம் சொல்கிறது. இரண்டும் பொய். பிழை எங்கள் வீட்டுக்குள் நடந்தது. மற்றவர்கள் உப்புப் புளி சேர்த்துச் சொல்வதைவிட நானே எழுதிவிடுகிறேன்.

2

காக்கா கல்முனையில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டியபோது, அங்கிருந்த இருதய டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இருதயத்திலிருந்து இரத்தம் வெளியே போகிற வால்வு ஒன்று சுருங்கியிருக்கிறது என்று வந்தது. "இப்ப வெட்டத் தேவல்ல. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க. படி ஏறக்குள்ள மூச்சு வாங்கினா, நெஞ்சு நொந்தா, தல சுத்தி உழுந்தா அந்த நேரமே வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதைக் காக்கா எனக்கு கோல் எடுத்துச் சொன்னபோது நான் கொதித்துப் போனேன். வட இங்கிலாந்தில் ஒரு நகரத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். அதில் பதினான்கு வருடம் மருந்துக் கடைக் கவுண்டரில் நிற்கிறேன். கவுண்டரில் நிற்கிறவளுக்கு அரை டொக்டர் என்ற நினைப்பு வந்துவிடும், எனக்கு முக்கால் டொக்டர் என்ற நினைப்பே வந்திருந்தது.

"பொறுக்கச் சொன்னாராமா? நெஞ்சு என்ன வயலா காக்கா, தண்ணி வரும் வரைக்கும் வரம்புல குந்திக்கிட்டு இரிக்க?"

"அவர் படிச்ச மனிசன் கா. பொறுக்கலாம் எண்டா பொறுக்கலாம் தானே." தங்கச்சி என்னைக் காக்கா 'கா' என்றுதான் கூப்பிடுவார்.

"படிச்சவர்தான். ஆனா இன்னொரு டொக்டர்ட வாயாலயும் கேக்கோணும். இங்க வாங்க. நான் காட்டுறன்."

மதினி, அதாவது காக்காவின் மனைவி, இந்தியாவுக்குப் போனால் மொழிக் கஷ்டம் இராதே என்று சொன்னார். "மொழிக்கு என்ன மதினி? நான் இரிக்கன், எண்ட மகள் இரிக்கா. அவ நல்லாத் தமிழ் கதைப்பா" என்று அடித்துச் சொன்னேன். இங்கே எங்களுடைய ஆட்களின் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் வராது. என்னுடையவளுக்கு வரும். அது என் தலையில் நான் வைத்துக்கொண்டு திரிந்த கிரீடம்.

3

வீசா எடுத்த கதையை எழுதப் போனால் இது முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். காக்காவின் முழுப் பெயர் மீரா லெப்பை முகம்மது ஜுனைதீன். மீரா லெப்பை எங்கள் வாப்பாவின் பெயர். ஊரில் அது முன்னெழுத்தாக அடங்கி ஒடுங்கி இருக்கும். வெள்ளைக்காரனுடைய படிவத்தில் 'முதற்பெயர்' என்ற பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதனால் இங்கே தனியார் வைத்தியசாலையின் வரவேற்பறையில் ஒரு பெண் வந்து "மிஸ் மீரா" என்று மூன்று முறை கூப்பிட்டாள். நரைத்த தாடியும் தொப்பியுமாக ஒருவர் எழும்பியதைப் பார்த்து அவள் பெயர்ப்பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாப்பா மௌத்தாகி எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவருடைய பெயருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று யார் கண்டது.

காக்கா வந்து இறங்கியபோது பங்குனி மாதம். ஊரில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், இங்கே கை விறைக்கிற குளிர். காக்கா ஒரு மாதிரிச் சோர்ந்து போயிருந்தார். முகம் ஊதியிருந்தது. இரண்டு சுவெட்டர் போட்டும் குளிருது என்றார். கதை குறைந்திருந்தது. பிரயாணக் களைப்பு என்று நான் சொன்னேன். பிறகு குளிர் என்று சொன்னேன். அதற்குப் பிறகு மதினியை விட்டு வந்த கவலை என்று சொன்னேன். எதற்கும் ஒரு காரணம் சொல்ல எனக்கு ஒரு போதும் தட்டுப்பாடு வந்ததில்லை.

எங்கள் வீடு இங்கே உள்ள எல்லா வீடுகளையும் போல ஒடுக்கமாக, உயரமாக நிற்கும். கீழே முன்னறையும் குசினியும். மேலே படுக்கையறைகளும் குளியலறையும். நடுவில் செங்குத்தான படி. நாள் முழுக்க நான் கத்துவது பாதி அந்தப் படியைப் பற்றித்தான். "மேலுக்குப் போ." "மேல லைட்ட நூத்து." "மேலுக்கு உடுப்புக் கிடக்கு, எடுத்திட்டு வா." ஹஸ்னா நடக்கப் பழகின நாளிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள். காக்காவுக்கு மேலே ஒரு சின்ன அறையை ஒதுக்கிக் கொடுத்திருந்தோம். படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி இறங்கினார். புது இடம், கால் பழகவில்லை என்று நினைத்தேன்.

டொக்டரைக் காட்டுகிற நாள் வந்தது. என்னுடைய மாப்பிள்ளை, அதாவது ஹஸ்னாவின் வாப்பா, லொறி ஓட்டுகிறவர், கிழமை நாட்களில் வீட்டில் இருக்கமாட்டார். நான்தான் காரை ஓட்டிப் போனேன். நிறுத்த இடமில்லை. காக்காவையும் ஹஸ்னாவையும் வாசலில் இறக்கிவிட்டு, வைத்தியசாலையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பெயர் கூப்பிட்ட கதையெல்லாம் ஹஸ்னா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு இடம் கிடைத்து ஓடிவந்து சேரும்போது அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். தாதி என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னாள். "மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார்தானே?" என்று கேட்டாள். "ஓம், என் மகள். நன்றாகத் தமிழ் பேசுவாள்" என்று அங்கேயும் சொன்னேன்.

கொஞ்சம் போக என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் வயதான மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். ஸ்கேன் படத்தைக் காட்டினார். வால்வு சுருங்கியிருப்பது கல்முனை அறிக்கையில் உள்ளது போலத்தான் என்றார். "ஆனால் அவர் சொல்கிற அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் இதைத் தள்ளிப்போட நான் விரும்பவில்லை. நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றுவது நல்லது" என்றார்.

என்ன அறிகுறி என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், ஒன்றும் தெரியாதவள் போலக் கேள்வி கேட்கக் கூடாது என்ற பெருமைதான் காரணம். அதோடு 'பார்த்தீர்களா, நான் சொன்னேனே' என்ற ஒரு திருப்தியும் எனக்குள் ஓடியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, என்றாலும் உண்மை அதுதான். மூன்று கிழமையில் ஒரு திகதி தந்தார்கள். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, படி ஏறுவதைக் குறைக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

4

காக்காவின் கட்டிலைக் கீழே முன்னறைக்குக் கொண்டுவந்தோம். குளியலறை மேலே மட்டும்தான் உள்ளது, ஆகவே தேவைக்கு ஏறத்தான் வேண்டும். ஏறும்போதெல்லாம் ஹஸ்னா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பின்னால் போவாள், அவர் விழுந்தால் ஏந்துவதற்கு. "என்ன புள்ள, மாட்டச் சாய்க்கிற மாதிரி வாறாய்" என்று காக்கா கூச்சப்படுவார். அவள் விடமாட்டாள். டொக்டருடைய வாயிலிருந்து நேராகக் கேட்டு வந்தவள் அல்லவா?

காக்கா எதையும் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. வயல் கூட்டத்தில் தண்ணீர் முறைக்கு நின்று தொண்டை கிழியக் கதைக்கிற மனிசன், சோபாவில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு ஜன்னலால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு நாள் பின்னேரம் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இங்க மௌத்தானா ஜனாஸாவ எங்க அடக்குவீங்க?"

"என்ன கத காக்கா இது?"

"கேட்டா சொல்லன். நெஞ்சத் தொறக்கிற எண்டா மூடுறதும் அவனுட கையிலயா இரிக்கி? அது அல்லாஹ்ட கையில. நான் பயந்து கேக்கல்ல. உண்ட மதினிக்கு வந்து பாக்க வீசா கிடைக்குமா எண்டுதான் யோசிக்கன்."

எதற்கும் பதில் வைத்திருக்கிற நான், குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவரை நான்தான் வலுக்கட்டாயமாக இழுத்து வந்தேன். ஒன்று ஆகிவிட்டால் மதினியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஊரில் இருந்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கல்முனைக்குப் போய் வந்துகொண்டு, வயலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, ஹஸ்னாவுக்கும் வகுப்பு இல்லை. காக்கா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னறையிலிருந்து எழும்பினார். படியடியில் ஹஸ்னா மறித்தாள்.

"எங்க மாமா போறீங்க?"

"ஜும்மாக்கு நேரமாகுது புள்ள. மேல் கழுவிட்டு வாறன்."

"மேல ஒண்டும் கழுவத் தேவல்ல மாமா. நேத்துத்தான் நான் கிளீன் பண்ணின."

காக்கா நின்றுவிட்டார். "நீ என்னத்தக் கிளீன் பண்ணின?"

"மேல. பாத்ரூம், படி, எல்லாம்."

"அதில்ல புள்ள. எண்ட மேல நான் தானே கழுவோணும்?" என்று நெஞ்சையும் கையையும் தடவிக் காட்டினார்.

குசினியிலிருந்து எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. மாமனும் மருமகளும் படியடியில் நாடகம் போடுகிறார்கள் என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். காக்காவும் சிரித்தார், வந்து இறங்கினதிலிருந்து முதற் தடவையாக. ஹஸ்னா சிரிக்கவில்லை.

"உம்மா, மேல் எண்டா என்ன?"

"உடம்பு. மேல் கழுவுற எண்டா குளிக்கிற."

"அப்ப மேலுக்கு ஏலா எண்டா?"

"சுகமில்ல எண்டு. உடம்புக்கு ஏலாம இரிக்கி எண்டு. ஏன் புள்ள?"

அவள் அப்படியே படியில் குந்திவிட்டாள். கைத்தொலைபேசியை எடுத்து, டொக்டர் அனுப்பியிருந்த கடிதத்தைத் திறந்து என் கையில் தந்தாள். அது அவளுடைய மின்னஞ்சலுக்கு வந்தது, நான் அதுவரை வாசிக்கவில்லை. இரண்டாவது பந்தியில் இருந்தது: 'மூன்று மாதமாக இவரால் மாடிப்படி ஏற முடியவில்லை. சிறிய வேலை செய்தாலும் உடலின் மேற்பகுதியில் வலி வருகிறது.'

காக்கா டொக்டருடைய அறைக்குள் இருந்து சொன்னது இதுதான்: "மூணு மாசமா மேலுக்கு ஏலா டொக்டர். ஒள்ளம் வேல செஞ்சாலும் மேலெல்லாம் நோகுது." சாய்ந்தமருதில் எந்தக் கடையில் போய் இதைச் சொன்னாலும், பாவம், மனிசனுக்கு உடம்பு சரியில்லை, களைப்பு, உளைச்சல் என்று விளங்கிக்கொள்வார்கள். என் மகள், படி உள்ள வீட்டில் பிறந்து வளர்ந்தவள், அவரால் மேலுக்கு ஏற ஏலாதாம் என்று விளங்கிக்கொண்டாள். டொக்டர் நெஞ்சில் கையை வைத்து "இங்கேயா?" என்று கேட்க, தன்னுடைய வால்வு வருத்தம் உள்ள இடத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து காக்கா "ஓம்" என்றிருக்கிறார். மூச்சு எடுக்கக் கஷ்டமா என்று கேட்க, "இந்தக் குளிருக்குள்ள ஒள்ளம் இரிக்கி" என்றிருக்கிறார். கல்முனை டொக்டர் எதைக் கண்டால் உடனே வரச் சொன்னாரோ, அந்த அறிகுறியை நாங்கள் இங்கே வைத்து எழுதிக் கொடுத்துவிட்டோம்.

5

அந்த இடத்தில் நான் நல்ல தாயாக நடந்துகொள்ளவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். "தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்ல உனக்கு வாய் இல்லையா? மனிசண்ட நெஞ்சு விசயத்துல விளையாடினயா?" என்று கத்தினேன். காக்காதான் கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டு கா. இந்தப் புள்ளைக்கு அந்தச் சொல்லச் சொல்லிக் குடுத்தயா நீ?"

நான் யோசித்துப் பார்த்தேன். இல்லை. இருபது வருடத்தில் ஒரு நாளும் அந்தச் சொல் என் வாயில் அவளுக்காக வரவில்லை. "ஷவர் எடு" என்பேன். உடம்பு நோவுக்கு "பொடி பெய்ன்" என்று கவுண்டரில் சொல்லிச் சொல்லி வீட்டிலும் அதையே சொல்வேன். ஊருக்குக் கதைக்கும்போது மட்டும் "மேலெல்லாம் நோகுது" என்பேன், அது கதவைச் சாத்திக்கொண்டு என் உறவுகளோடு கதைக்கிற கதை. எங்களுடைய சொற்களில் நல்லவற்றை எனக்கென்று வைத்துக்கொண்டு, ஏவல் சொல்கிற தமிழை மட்டும் மகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அதைக் கேட்டு வளர்ந்தவளைத்தான் 'நன்றாகத் தமிழ் பேசுவாள்' என்று ஊரெல்லாம் ஏலம் போட்டேன்.

ஜும்மாவுக்கு காக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, ஹஸ்னாவிடம் ஒரு வழி சொன்னேன். "மாமா பயந்திட்டார், ஒப்பரேஷன் வேணாம் எண்டு சொல்லிருவம். உண்ட பேர் வரத் தேவல்ல." அது எனக்கு நல்ல யோசனையாகவே பட்டது.

"ஏலா உம்மா" என்றாள். "பயந்திட்டார் எண்டு சொன்னா, பயந்தார் எண்டுதான் எழுதுவாங்க. படி ஏற ஏலா, நெஞ்சு நோவு எண்டது அப்படியே இரிக்கும். நாளைக்கு அந்தக் கடிதத்தப் பாத்து ஊர்லயும் வெட்டுவாங்க."

முக்கால் டொக்டருக்கு அது தோன்றவில்லை. அவளே கோல் எடுத்தாள். சத்தம் எனக்கும் கேட்கத்தக்கதாக மேசையில் வைத்தாள். அந்தப் பக்கம் டொக்டருடைய செயலாளர். கடிதத்தில் உள்ளதைத் திருத்துவது லேசான காரியம் இல்லையாம், எழுத்தில் தர வேண்டுமாம், அறிகுறிகளை நோயாளிதான் சொல்ல வேண்டுமாம். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு அந்தப் பெண் கேட்டாள்.

"அப்படியென்றால் நோயாளி தான் சொன்னதை இப்போது மாற்றுகிறாரா?"

"இல்லை. அவர் சரியாகத்தான் சொன்னார். மாற்றியது நான்."

"சரி, நான் டொக்டரிடம் சொல்கிறேன்" என்றாள் அந்தப் பெண், குரல் இளகியிருந்தது. ஹஸ்னா அன்றைக்கே ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினாள். எந்தச் சொல், அதற்கு அர்த்தம் என்ன, தான் என்னவென்று விளங்கிக்கொண்டாள் என்று வரிசையாக எழுதியிருந்தாள். என்னுடைய பெயரை எங்கேயும் இழுக்கவில்லை. இழுத்திருந்தாலும் நியாயம்தான்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. மறுபடி வரட்டும், இந்த முறை உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நாங்கள் ஒழுங்கு செய்கிறோம் என்றார்கள். காக்கா சம்மதிக்கவில்லை.

"புள்ள வாறல்லெண்டா நானும் வாறல்ல."

"காக்கா, பிடிவாதம் பிடிக்காதீங்க. அவங்கட சட்டம் அது."

"பிழ உட்ட ஆளுக்குத்தான் அந்த இடத்துல குழி இரிக்கி எண்டு தெரியும். புதுசா வாற ஆள் எந்தக் குழிக்குள்ள உழுவானோ? இவ வரட்டும்."

டொக்டர் கடைசியில் ஒத்துக்கொண்டார், தாயும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அறைக்குள் போனதும் இன்னொரு நிபந்தனையும் வைத்தார். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் மொழிபெயர்க்கலாம், தாய் பிழையைக் கண்டால் மட்டும் வாயைத் திறக்கலாம். என்னைப் பேசாமல் இருக்கச் சொன்ன முதலாவது மனிதர் அவர்தான். இருந்தேன்.

6

ஹஸ்னா அன்றைக்குக் கதைத்த மாதிரி நான் ஒரு நாளும் அவளைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஆங்கிலத்தில் பாய்ந்து போகவில்லை. முதலில் காக்காவிடம் கேட்டு உறுதிப்படுத்தினாள். "மாமா, நோகுது எண்டா எந்த இடம்? கைய வெச்சுக் காட்டுங்க." காக்கா தோளைக் காட்டினார், தொடையைக் காட்டினார், முதுகைக் காட்டினார். "நெஞ்சு?" "நெஞ்சு நோகல்ல புள்ள. நெஞ்சு பயத்துலதான் அடிக்குது." அதையும் அப்படியே சொன்னாள். டொக்டர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

"படி ஏறினா மூச்சு வாங்குதா மாமா?"

"உங்கட வீட்டுப் படியயா கேக்காய்? நீ பின்னால வாறதுக்குத்தான் மெதுவா ஏறின. பயிர்க் காலத்துல நான் உர மூட்டயத் தூக்கிட்டு வரம்பால போற ஆள். இந்த மூணு மாசமா ஏலா. மூச்சு இரிக்கி, தெம்புதான் இல்ல."

உர மூட்டைக்கும் வரம்புக்கும் அவள் ஆங்கிலத்தில் திணறினாள். திணறுவதை மறைக்கவில்லை. "இந்தச் சொல் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, உம்மாவைக் கேட்கலாமா?" என்று டொக்டரிடம் அனுமதி கேட்டாள். நான் சொன்னேன். சொல்லிவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஓடுகிற பட்டியுள்ள மிசினில் நடக்கவிட்டார்கள். நெஞ்சு முழுக்க வயர் ஒட்டி, என் மாப்பிள்ளையின் காற்சட்டை இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு காக்கா நடந்தார். வேகத்தைக் கூட்டினார்கள், மேடாக உயர்த்தினார்கள். மூச்சு வாங்குகிறதா என்று அரை நிமிடத்துக்கு ஒரு தடவை ஹஸ்னா கேட்டாள். "இல்ல. சம்மாந்துறை வந்திட்டா எண்டு கேட்டுச் சொல்லு" என்றார். அதை டொக்டருக்கு விளக்கப் போய் அவளே சிரித்துவிட்டாள். திரையில் கோடுகள் ஒழுங்காக ஓடின. கால் உளைகிறது என்று சொல்லித்தான் காக்கா கடைசியில் நிப்பாட்டினார்.

இரத்தமும் எடுத்தார்கள். இரண்டு நாளில் முடிவு வந்தது. தைரொயிட் சுரப்பி தூங்கிப் போயிருந்தது. களைப்பு, குளிர், ஊதிய முகம், உளைச்சல், கதை குறைந்தது, எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான். அதற்குரிய சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரையை கவுண்டரில் நாள் தவறாமல் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுக்கிறேன். என் வீட்டு முன்னறையில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு இருந்தவருக்கு அதுதான் வேண்டும் என்று எனக்குப் படவில்லை. அதே இரத்தப் பரிசோதனையைக் கல்முனை டொக்டரும் எழுதிக் கொடுத்திருந்தாராம். இங்கிலாந்துக்குத்தானே போகிறேன், அங்கே செய்வார்கள் என்று காக்கா செய்யவில்லை. கல்முனை டொக்டரிடம் இந்த எழுத்து மூலமாக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி.

முடிவைச் சொல்வதற்கு டொக்டர் எங்கள் மூவரையும் திரும்பக் கூப்பிட்டார். சத்திரசிகிச்சை இப்போது வேண்டாம். மாத்திரையை ஆரம்பிக்கலாம், சிறிய அளவிலிருந்து மெதுவாகக் கூட்ட வேண்டும், நெஞ்சில் ஏதாவது நோவு வந்தால் உடனே காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊரில் ஸ்கேன். ஒரு காலத்தில் வால்வை மாற்ற வேண்டி வரலாம், வராமலும் போகலாம். பழைய கடிதத்தை நீக்கிவிட்டுப் புதிய கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார். ஹஸ்னா ஒவ்வொன்றாகச் சொன்னாள். காக்கா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

டொக்டர் ஃபைலை மூடப் போகும்போது, "அவருக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா?" என்றார்.

காக்கா தொண்டையைச் செருமினார். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வயல் கூட்டத்தில் கதைக்கிற குரல் திரும்பி வந்திருந்தது.

"கேக்க ஒண்டும் இல்ல, சொல்ல இரிக்கி. இந்தப் புள்ள பிழ உட்டது எண்டு நீங்க எழுதி வெச்சிரிப்பீங்க. அதுக்குக் கீழ இதையும் எழுதோணும். பிழயக் கண்டதும் இவதான். ஒளிக்காம வந்து சொன்னதும் இவதான். வளந்த ஆக்களே செய்யாத வேல அது. எண்ட நெஞ்சுல கத்தி படாம நான் ஊருக்குப் போறன் எண்டா அது இந்தப் புள்ளையால. இத நான் சொன்ன மாதிரியே சொல்லு மகள்."

டொக்டர் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஹஸ்னாவைப் பார்த்தார். அவள் மேசையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். கண் நிறைந்து மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"நன்றி சொல்கிறார்" என்றாள் ஆங்கிலத்தில்.

"அவ்வளவுதானா? நிறையச் சொன்னது போல இருந்ததே."

"அவ்வளவுதான்."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். பிழையைக் கண்டால் வாயைத் திறக்கலாம் என்று எனக்கு அனுமதி தந்தவர் அவர்தான். நானும் திறந்தேன். தேங்க்யூ என்ற சொல் காக்காவுக்கும் தெரியும், தான் சொன்னது அவ்வளவும் அதற்குள் சுருங்கிப் போனது அவருக்கும் விளங்கியிருந்தது. புள்ளையை விட்டுவிடு என்பது போல மேசைக்குக் கீழே என் காலை நன்றாக மிதித்தார்.

"ஓம்" என்றேன் டொக்டரிடம், தமிழிலேயே.